பழைய லேப்டாப்புக்குப் புது எஸ்எஸ்டி: விண்டோஸைக் குடிமாற்றும் வழி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடியே ஆறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். லேப்டாப் 2019இல் வாங்கியது. உள்ளே 1 டிபி ஹார்டு டிஸ்க். காலையில் பவர் பட்டனை அழுத்திவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தால், காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் கணக்கு மென்பொருளான டேலி திறக்கும். "புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்று சொல்லாதவர் இல்லை. ப்ராசஸரில் குறையில்லை, ரேம் 8 ஜிபி இருந்தது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் அந்தத் தட்டுதான் எல்லாவற்றையும் பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்) போட்டேன். இப்போது பால் பொங்குவதற்குள் இரண்டு பில் பதிந்துவிடுகிறேன்.

இந்த வேலையை இரண்டு முறை செய்திருக்கிறேன். 2024இல் என் லேப்டாப். 2025இல் புதுச்சேரியில் பொறியியல் படிக்கும் அக்கா மகனுடையது. இரண்டு முறையும் இடறினேன். இரண்டு முறையும் லேப்டாப்பின் மூடியைத் திறப்பதற்கு முன்பே இடறினேன். அதனால் இங்கே முன்னேற்பாடுகள்தான் அதிகம். பொறுத்துக்கொண்டு வரிசையாகப் படியுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

1. தேதி குறியுங்கள்

அரை நாள் வேண்டும். நகலெடுக்க ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம், கழற்றி மாட்ட முக்கால் மணி, சரிபார்க்க ஒரு மணி. மிச்சமெல்லாம் "ஏன் வரவில்லை" என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்.

கணக்கு வேலை செய்பவர்கள் மாதத்தின் 11, 20 தேதிகளை நெருங்கி இதில் கை வைக்காதீர்கள். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1, 3பி என்ற ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்பவர்களுக்கு 21ஆம் தேதிக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைதான் நல்ல நாள். மாணவர்கள் செமஸ்டர் தேர்வு வாரத்தைத் தவிருங்கள். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டியதற்கு முந்தைய இரவு எஸ்எஸ்டி வாங்கி வந்த ஒரு பையனை எனக்கு நன்றாகத் தெரியும்.

மழைக்காலத்தையும் கணக்கில் எடுங்கள். நான் அக்டோபரில் எஸ்எஸ்டி வாங்கிவிட்டுச் சோம்பலாக இருந்து, 2024 நவம்பர் கடைசி வாரத்தில், வானம் இருண்டிருந்த ஒரு மாலையில், நகலெடுக்க ஆரம்பித்தேன். அறுபது சதவீதத்தில் மின்சாரம் போனது. ஐந்து வருடப் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். எஸ்எஸ்டியைப் பற்றி நினைக்க எங்களுக்கு நேரமில்லை. டிசம்பர் 22 ஞாயிறன்றுதான் மறுபடி உட்கார்ந்தேன்.

இதில் ஒரு நிம்மதி உண்டு. நகலெடுக்கும்போது பழைய டிஸ்க் படிக்கப்பட மட்டுமே செய்கிறது. அதில் எதுவும் எழுதப்படுவதில்லை. பாதியில் நின்றுபோனால் புது டிஸ்க்கில் அரைகுறையாக இருப்பதை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இருந்தாலும் இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இல்லாத வீட்டில், பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் இந்த வேலை வேண்டாம்.

2. காகிதங்கள், கணக்குகள், கடவுச்சொற்கள்

இதுதான் முக்கியமான படி. எல்லோரும் தாண்டிப் போகும் படியும் இதுதான்.

அக்கா மகனின் லேப்டாப்பில் 256 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பிவிட்டது. 1 டிபிக்கு மாற்ற வேண்டும். பென் டிரைவிலிருந்து நகலெடுக்கும் மென்பொருளைத் துவக்குவதற்காக, ஏதோ பழைய காணொளியைப் பார்த்து பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்புத் திரை) போய் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு அமைப்பை அணைத்தேன். பென் டிரைவ் தயாராக இல்லாததால் விண்டோஸுக்கே திரும்பலாம் என்று மறுபடி துவக்கினேன். முழு நீலத் திரை. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர், மீட்புச் சாவியின் 48 இலக்கங்களை உள்ளிடச் சொல்லி நின்றது.

"சித்தி, என் படமெல்லாம் போய்விட்டதா?" என்று கேட்டான். அவன் படம் என்று சொன்னது மூன்று வருடப் பாடக் குறிப்புகளையும் சேர்த்துத்தான்.

அந்தச் சாவி, லேப்டாப்பை முதன்முதலில் இயக்கியபோது உள்நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எந்தக் கணக்கு? லேப்டாப் வாங்கிய அன்று, கடையிலிருந்த ஊழியர் "ஒரு நிமிடம், நானே போட்டுத் தருகிறேன்" என்று திறந்துகொடுத்த கணக்கு. மின்னஞ்சல் முகவரி அவனுக்குத் தெரியாது. கடவுச்சொல்லை மீட்கும் குறுஞ்செய்தி எந்த எண்ணுக்குப் போகும் என்பதும் தெரியாது. தினமும் நான்கு இலக்கப் பின் எண்ணைத் தட்டி உள்ளே போய்க்கொண்டிருந்ததால் மூன்று வருடமாக அது யாருக்கும் தேவைப்படவே இல்லை.

எங்களைக் காப்பாற்றியது தற்செயல்தான். நான் மாற்றியது ஒரே ஒரு அமைப்பு என்பதால் பயாஸுக்குத் திரும்பிப் போய் செக்யூர் பூட்டை மறுபடி இயக்கினேன். பூட்டு பழையபடி திறந்தது. வேறு நான்கு அமைப்புகளையும் கலைத்துவிட்டு எது என்று மறந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன் இவற்றை முடியுங்கள்:

முதலாவது, என்க்ரிப்ஷன், அதாவது டிஸ்க்கின் பூட்டு. செட்டிங்ஸில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்று தேடுங்கள். ப்ரோ பதிப்பாக இருந்தால் கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பக்கத்தைப் பாருங்கள். 'ஆன்' என்றிருந்தால், முதலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் அந்த லேப்டாப்பின் மீட்புச் சாவி இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். நாற்பத்தெட்டு எண்ணையும் நிதானமாக, ஆறு ஆறாகப் பிரித்து எழுதுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு என்க்ரிப்ஷனை 'ஆஃப்' செய்யுங்கள். பூட்டு நீங்கச் சில மணி நேரம்கூட ஆகலாம். முடிந்துவிட்டது என்று திரையில் வரும்வரை காத்திருங்கள். எல்லாம் முடிந்த பிறகு புது டிஸ்க்கில் மறுபடி இயக்கிக்கொள்ளலாம். எங்களைப் போலக் கணக்கே யாருடையது என்று தெரியாதவர்கள், உள்ளே நுழைய முடிகிற இப்போதே அதை ஆஃப் செய்துவிட்டு, உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, விண்டோஸ் உரிமம். பலரும் அஞ்சும் இடம் இது. அஞ்ச வேண்டியதில்லை. லேப்டாப்போடு வந்த உரிமம் மதர்போர்டைச் சார்ந்தது. டிஸ்க் மாறினாலும் அது போகாது. "ஒரிஜினல் விண்டோஸ் போட தனியாக ஆயிரத்து ஐந்நூறு ஆகும்" என்று ஒரு கடையில் என்னிடம் கேட்டார்கள். லேப்டாப்புடன் உரிமம் வந்திருந்தால் அந்தப் பணம் தேவையில்லை.

மூன்றாவது, மற்ற மென்பொருள்கள். டேலி உரிமம் கணினியோடு பிணைக்கப்பட்டது. டிஸ்க்கைக் கழற்றும் முன் டேலிக்குள்ளேயே உரிமத்தை 'சரண்டர்' செய்துவிட்டு, புது டிஸ்க்கில் திரும்பவும் ஆக்டிவேட் செய்யுங்கள். அதற்கு உரிமம் பதிவான மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் வேண்டும். பல கடைகளில் அது உரிமம் விற்றவரின் மின்னஞ்சலாகவே இருக்கிறது. முந்தைய வாரமே விசாரித்து வையுங்கள்.

நான்காவது, காப்பு நகல். முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுக்கும் குளோன் எடுக்கத்தானே போகிறோம், தனி நகல் எதற்கு என்று நினைக்காதீர்கள். டேலி டேட்டா ஃபோல்டர், டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், புகைப்படங்கள் ஆகியவற்றை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். ஏன் கழற்ற வேண்டும் என்பது 6ஆம் படியில் தெரியும்.

3. உள்ளே எது பொருந்தும் என்று பாருங்கள்

எஸ்எஸ்டி என்று பொதுவாகச் சொன்னாலும் மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன.

இரண்டரை அங்குல சாட்டா: பழைய ஹார்டு டிஸ்க் இருந்த அதே இடத்தில், அதே கனெக்டரில் உட்காரும். வேகம் விநாடிக்கு 550 எம்பிக்குள். 2019ஐ ஒட்டி வந்த லேப்டாப்புகளுக்குப் பெரும்பாலும் இது போதும். ஹார்டு டிஸ்க் தந்தது நூறு எம்பி அளவுதான்.

எம்.2 சாட்டா: சூயிங்கம் பட்டை போல இருக்கும், வேகம் மேலே சொன்னதுதான்.

எம்.2 என்விஎம்இ: பார்க்க அதே பட்டைதான், ஆனால் பல மடங்கு வேகம். பிசிஐஇ மூன்றாம் தலைமுறையிலேயே விநாடிக்கு 3,500 எம்பி வரை போகும்.

கண்ணி இங்கேதான். எம்.2 இடம் இருக்கிறது என்பதற்காக என்விஎம்இ வேலை செய்யும் என்று பொருளில்லை. சில லேப்டாப்புகளின் எம்.2 இடம் சாட்டாவை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இயை மட்டும். உங்கள் மாடல் எண்ணை அடிப்பக்க ஸ்டிக்கரிலிருந்து படம் எடுத்து, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். பட்டையின் நீளத்தையும் பாருங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242 கேட்கும் இடத்தில் 2280 நுழையாது.

இன்னொரு சின்ன விஷயம்: எம்.2 பட்டையின் நுனியைப் பிடித்து நிறுத்தும் ஸ்க்ரூ, எஸ்எஸ்டி பெட்டிக்குள் பெரும்பாலும் இருக்காது. காலியாக இருக்கும் இடத்தில் அந்த ஸ்க்ரூவை லேப்டாப் நிறுவனமும் பல நேரம் போட்டிருக்காது. கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். அதை மறந்த ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருக்கும் கடையைத் தேடி அலைய வேண்டும்.

4. வாங்குவது: கடலூரா, புதுவையா?

எலெக்ட்ரானிக்ஸ் என்றால் புதுவையில்தான் மலிவு என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் இன்னும் சாகவில்லை. அது மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறுபட்டிருந்த காலத்து நம்பிக்கை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு எஸ்எஸ்டிக்கு இங்கேயும் 18 சதவீதம், அங்கேயும் 18 சதவீதம். நான் புதுவை நேரு வீதிப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டுத் திரும்பிவந்து கடலூர் லாரன்ஸ் சாலையில் விசாரித்தேன். வித்தியாசம் பஸ் டிக்கெட்டுக்கும் தேறவில்லை. புதுவையில் ரகங்கள் கூடுதலாகக் கிடைத்தன, அவ்வளவுதான். தொழில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வரிக் கணக்கில் புதுச்சேரி தனி. உள்ளீட்டு வரி எடுக்க (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்ள) நினைப்பவர் உள்ளூரில், தன் ஜிஎஸ்டி எண்ணோடு பில் போட்டு வாங்கிவிடுவது தலைவலி இல்லாதது.

எனக்கு ஆன செலவு (2024): 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி 3,250 ரூபாய், யுஎஸ்பியிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் 420, சிறு திருப்புளி செட் 190. மொத்தம் 3,860. கடையில் கொடுத்திருந்தால் கூலி மட்டும் ஒரு இடத்தில் 800 கேட்டார்கள். அக்கா மகனுக்கு (2025 நடுவில்): 1 டிபி என்விஎம்இ 5,700, அதற்கான யுஎஸ்பி பெட்டி 1,350. அவன் லேப்டாப்பில் ஒரே ஒரு எம்.2 இடம்தான், பழையதும் புதியதும் ஒன்றாக உட்கார முடியாததால் அந்தப் பெட்டி தேவைப்பட்டது. 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலை ஏறிவிட்டது. இந்த எண்களை வைத்துக் கடைக்காரரிடம் வாதாட வேண்டாம். வாங்கும் நாளில் மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

பில்லில் எஸ்எஸ்டியின் சீரியல் எண் எழுதப்பட வேண்டும். உத்தரவாதம் மாடலைப் பொறுத்து பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டு. ஐந்தாவது ஆண்டில் அந்த பில் கண்ணில் படாது, அச்சும் மங்கியிருக்கும். அன்றே படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

500 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 465 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, நிறுவனம் ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024ஆல் எண்ணுகிறது. அதேபோல 1 டிபி 931 ஆகும். ஆனால் இணையத்தில் '2 டிபி, 900 ரூபாய்' என்று பெயர் தெரியாத நிறுவனம் விற்றால் அது ஏமாற்றுதான். கொள்ளளவு பொய்யாகக் காட்டப்பட்டு, நிரம்பத் தொடங்கியதும் கோப்புகள் காணாமல் போகும்.

5. பழைய டிஸ்க்கைச் சோதியுங்கள், குறையுங்கள்

க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீல நிறத்தில் 'குட்' என்றால் தொடரலாம். மஞ்சளில் 'காஷன்' என்று வந்து, 'கரன்ட் பெண்டிங் செக்டார்' வரியில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் நிறுத்துங்கள். படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன என்று பொருள். அப்படிப்பட்ட டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவிட்டுக் குளோன் எடுப்பது, நோயாளியை மலையேறச் சொல்வது போலத்தான். முதலில் முக்கியமான கோப்புகளை மட்டும் வெளியே எடுங்கள். பிறகு புது எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள்.

நல்ல நிலையில் இருந்தால், சி டிரைவ் மீது வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போய் ஒருமுறை பிழை சரிபாருங்கள்.

நம்மில் பெரும்பாலோர் 1 டிபி ஹார்டு டிஸ்க்கிலிருந்து 500 ஜிபி எஸ்எஸ்டிக்குப் போகிறோம், பெரியதிலிருந்து சிறியதற்கு. டிஸ்க்கில் பயன்படுத்தியிருக்கும் இடம் புது டிஸ்க்கின் முக்கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் சி, டி இரண்டும் சேர்ந்து 310 ஜிபி இருந்தது. அதில் 120 ஜிபி திருமண வீடியோ. மூன்று திருமணம், அதில் ஒன்று யாருடையது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

6. நகலெடுங்கள்

முதலில், நகலா, புதிய நிறுவலா? படிப்புக்கு மட்டும் பயன்படும், நிறைய குப்பை சேர்ந்த லேப்டாப் என்றால் புதிய நிறுவல் நல்லது. மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூல், 8 ஜிபி பென் டிரைவ், ஒரு மணி நேரம், முடிந்தது. என்னைப் போல டேலி, டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர், பழைய பிரிண்டர், வானவில் எழுத்துருக்கள், தமிழ்99 தட்டச்சு என்று பத்து வருடச் சாமான்களோடு குடியிருப்பவர்களுக்குக் குளோன்தான் சரி. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடி வந்துசேரும்.

எந்த மென்பொருள்? பழைய காணொளிகள் எல்லாம் மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பைச் சொல்கின்றன. அந்த இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. சாம்சங், வெஸ்டர்ன் டிஜிட்டல், க்ரூஷியல் போன்ற நிறுவனங்கள் தங்கள் எஸ்எஸ்டி வாங்குபவர்களுக்கு இலவச நகலெடுப்பு மென்பொருள் தருகின்றன. விண்டோஸுக்குள்ளிருந்தே ஓடும், அளவையும் தானே சுருக்கிக்கொள்ளும். முதல்முறை செய்பவருக்கு இதுவே போதும். எஸ்எஸ்டியின் பிராண்டைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

க்ளோன்சில்லாவும் இலவசம், நம்பகமானது. ஆனால் பென் டிரைவிலிருந்து துவக்க வேண்டும், கறுப்புத் திரையில் கேள்வி கேட்கும், புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் நேராக ஒத்துழைக்காது. இப்போதைய 64 பிட் பதிப்புகள் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தாலே துவங்கும். அதைத்தான் நான் தேவையில்லாமல் அணைத்தேன்.

எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேபிள் வழியாக, உள்ளே நீல நிறம் இருக்கும் யுஎஸ்பி 3 துளையில் செருகுங்கள். கறுப்புத் துளை யுஎஸ்பி 2ஆக இருந்தால் விநாடிக்கு 35 எம்பி அளவில் ஊர்ந்துகொண்டிருக்கும். திருமண வீடியோ போக மிஞ்சிய 190 ஜிபிக்கு எனக்கு நீலத் துளையில் ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. க்ளோன்சில்லாவைப் பயன்படுத்துபவர்கள் முன்னதாக ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். வெறுமனே ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது என்று க்ளோன்சில்லா மறுக்கும்.

இப்போது அந்த ஒரே ஆபத்தான திரை. எது மூலம், எது இலக்கு என்று மென்பொருள் கேட்கும். மாற்றிச் சொன்னால் காலியான எஸ்எஸ்டி உங்கள் டிஸ்க்கின் மேல் எழுதப்படும். ஐந்து வருடக் கணக்கும் ஒரு கிளிக்கில் போகும். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்ணை நம்பாதீர்கள். மாடல் பெயரையும் கொள்ளளவையும் பார்த்து முடிவு செய்யுங்கள். காப்பு நகல் இருக்கும் வெளி டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைக்கச் சொன்னது இதனால்தான். பட்டியலில் மூன்றாவதாக ஒன்று இருந்தால் கை தவற மூன்றாவது வாய்ப்பும் இருக்கும். நான் இரண்டு பெயரையும் தாளில் எழுதி, 'இங்கிருந்து', 'இங்கே' என்று அம்புக்குறி போட்டு, திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்த பிறகுதான் அழுத்தினேன். யாரும் சிரித்தால் சிரிக்கட்டும்.

முழு டிஸ்க்கையும் நகலெடுங்கள். சி டிரைவை மட்டும் எடுத்தால் துவங்காது. கணினியைத் துவக்கும் கோப்புகள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன பார்ட்டிஷனில் (டிஸ்க்கில் பிரித்த தனிப் பகுதியில்) இருக்கின்றன.

சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி. எல்லாம் முடிந்த பிறகு சி டிரைவ் பழைய அளவிலேயே இருக்கும், மிச்ச இடம் கடைசியில் காலியாகக் கிடக்கும், நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் குறுக்கே நிற்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் 'எக்ஸ்டெண்ட்' மங்கிப் போயிருக்கும். நகலெடுக்கும்போதே பார்ட்டிஷன் அளவை மாற்றும் வசதி இருந்தால் அங்கேயே மாற்றிவிடுங்கள். தவறவிட்டால், பார்ட்டிஷன்களை மாற்றும் ஜிபார்ட்டெட் என்ற மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து துவக்கி, ரெகவரி பார்ட்டிஷனைக் கடைசிக்கு நகர்த்திய பின் நீட்டலாம். அக்கா மகனுக்கு அப்படித்தான் செய்தேன்.

விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறும் எண்ணம் இருந்தால் அதை இன்னொரு நாளுக்கு வையுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது என்பதால் மாற வேண்டியதுதான். ஆனால் இரண்டு வேலையையும் ஒரே நாளில் செய்தால், கோளாறு எதனால் வந்தது என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

7. திறந்து மாட்டுங்கள்

உத்தரவாதக் காலம் முடியாத லேப்டாப் என்றால், மூடியைத் திறந்தால் உத்தரவாதம் என்னாகும் என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சார்ஜரைப் பிடுங்கி, முழுதாக அணைத்து, பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். இட்லித் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அடிப்பக்க ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. நீளமானதைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் மேல்பக்கம் கீபோர்டு அருகே புடைத்துக்கொண்டு வரும். மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை என்று எந்த இடத்து ஸ்க்ரூவோ அதற்கான குழியில் போட்டுவிட்டால் குழப்பமில்லை. ரப்பர் பாதங்களுக்கு அடியிலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும்.

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று உண்டு. என் லேப்டாப்பின் ஒன்பது ஸ்க்ரூக்களில் இரண்டின் தலை துருப்பிடித்துப் பழுப்பேறியிருந்தது. அளவு சரியில்லாத திருப்புளியால் அழுத்தித் திருகினேன். கூட்டல் குறி தேய்ந்து வட்டமாகத் தொடங்கியது. அங்கேயே நிறுத்தினேன். தையல் மெஷின் எண்ணெயைக் குண்டூசி நுனியில் தொட்டு ஸ்க்ரூவின் விளிம்பில் வைத்து, பத்து நிமிடம் விட்டேன். பிறகு பிஎச்0 அளவுத் திருப்புளிக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் அகலமான ரப்பர் பேண்டை வைத்து, அழுத்தம் அதிகமாகவும் திருகல் மெதுவாகவும் கொடுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த மகிழ்ச்சி, விண்டோஸ் துவங்கியபோதுகூட வரவில்லை.

மூடியை உலோகத்தால் நெம்பாதீர்கள். பழைய ஏடிஎம் கார்டு போதும். உள்ளே முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ஹார்டு டிஸ்க்கைச் சட்டத்தோடு வெளியே எடுத்து, சட்டத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றி, அதே இடத்தில் வையுங்கள். பட்டையான கேபிளைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரைப் பிடித்து இழுங்கள். எம்.2 என்றால் முப்பது டிகிரி சாய்வில் செருகி, கீழே அழுத்தி, ஸ்க்ரூ போடுங்கள்.

8. முதல் துவக்கம்

பழைய டிஸ்க் எந்த வழியிலும் இணைந்திருக்கக் கூடாது. அச்சு அசலான இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் இருந்தால் விண்டோஸ் குழம்பும். பழையதிலிருந்தே துவங்கிவிட்டு, "வேகம் கூடவே இல்லையே" என்று உங்களையும் குழப்பும்.

துவங்கவில்லையென்றால், எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பூட் மெனுவைத் திறந்து புது டிஸ்க்கை, அல்லது 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதைத் திறக்கும் விசை டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் அதை முதலில் இயக்க வேண்டியிருக்கும்.

'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை வந்தால், சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறியவர்களுக்கு அது வழக்கமான வரவேற்புதான். பயாஸில் ஸ்டோரேஜ் மோடை நீங்கள் மாற்றியிருந்தால் பழையபடி வையுங்கள். இரண்டு மூன்று முறை துவக்கம் தோற்றால் விண்டோஸ் தானே பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக ஒருமுறை சேஃப் மோடில் நுழைந்து, மறுபடி சாதாரணமாகத் துவக்கிப் பாருங்கள். பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.

துவங்கிய பிறகு பார்க்க வேண்டியவை: செட்டிங்ஸில் விண்டோஸ் 'ஆக்டிவேட்டட்' என்று காட்டுகிறதா, டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்ற பகுதியில் சி டிரைவ் 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று தெரிகிறதா, டேலி ஆக்டிவேட் ஆகிறதா, டிஜிட்டல் கையொப்பம் போட முடிகிறதா, ஒரு பக்கம் பிரின்ட் வருகிறதா. சி டிரைவ் எஸ்எஸ்டியாகத் தெரிந்துவிட்டால், டிரிம் (அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) முதலான பராமரிப்பை விண்டோஸே கவனித்துக்கொள்ளும். தனியாக எந்த 'வேகப்படுத்தும்' மென்பொருளும் வாங்க வேண்டாம்.

9. பழைய டிஸ்க்

ஒரு மாதம் தொடாதீர்கள். நான் மாற்றிய தேதியையும் 'ஜனவரி 3பி முடியும்வரை அழிக்காதே' என்பதையும் ஒரு சீட்டில் எழுதி அதன் மேல் ஒட்டி, துணிப்பையில் சுற்றி பீரோவில் வைத்தேன். மூன்றாவது வாரம் அவுட்லுக்கின் பழைய அஞ்சல் கோப்பு ஒன்றைத் தேட வேண்டிவந்தது. குளோனிலேயே இருந்தது, ஆனால் தேடிய ஐந்து நிமிடமும் பீரோவில் ஒன்று இருக்கிறது என்ற தைரியம் இருந்தது.

மாதம் முடிந்ததும், அதே யுஎஸ்பி கேபிளில் செருகி, டிஸ்க் மேனேஜ்மென்டில் நீக்க முடிகிற பார்ட்டிஷனையெல்லாம் நீக்கி, 'குயிக் ஃபார்மட்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். 1 டிபிக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடுங்கள். அப்போதுதான் தரவின் மேல் உண்மையாக எழுதப்படும். என் டிஸ்க்கில் ஆறு கடைக்காரர்களின் பான் அட்டையும் ஆதார் நகலும் வங்கி அறிக்கையும் இருந்தன. அப்படியே பழைய சாமான் கடையில் போட எனக்கு உரிமையில்லை. இப்போது அது மாதம் ஒருமுறை டேலி டேட்டாவை நகலெடுத்து வைக்கும் காப்பு டிஸ்க். அக்கா மகனின் பழைய 256 ஜிபி அந்த யுஎஸ்பி பெட்டிக்குள் போய்விட்டது. அதில் சினிமா வைத்திருக்கிறான்.